ஏபிஐ டெஸ்ட் பண்றப்போ பிரவுசர் கேஷ் படுத்துற பாடு: கேளுங்க, சொல்றேன்

ஏபிஐங்கறது ஆப் சர்வர்கிட்ட டேட்டா கேக்கற வழி, கேஷ்ங்கறது வந்த பதில எடுத்து வச்சுக்கிட்டு மறுபடி அதையே காட்டறது. இந்த கேஷ்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க கேட்டதுக்கெல்லாம் ஒரே எடத்துல பதில் போட்டுடறேன். நான் பேக்கெண்ட் (சர்வர் பக்கம்) ஆளு, இதுல அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, டேட்டாபேஸ்ல மாத்திட்டேன், போஸ்ட்மேன்ல (ஏபிஐ டெஸ்ட் பண்ற டூல்) புதுசு வருது, க்ரோம்ல பழசே வருது. கோடு தப்பா?

பதில்: கோட தொடாதப்பா. மொதல்ல எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்ல சைஸ்னு இருக்கிற நெடுவரிசைய பாரு, டிஸ்க் கேஷ், மெமரி கேஷ்னு இருந்தா அந்த ரிக்வெஸ்ட் உன் சர்வர் வரைக்கும் வரவே இல்லன்னு அர்த்தம், சர்வர் லாக்லயும் இருக்காது. போஸ்ட்மேன் பிரவுசர் மாதிரி கேஷ் வச்சுக்காது, அதுக்கு மேல நோ-கேஷ் ஹெடரையும் (ஹெடர்னா ரிக்வெஸ்ட்டோடயும் பதிலோடயும் கூட போற குறிப்பு) தானாவே சேர்த்து அனுப்பும், அதனால ரெண்டையும் ஒப்பிடறதே சரியில்ல. அதே டேப்ல "டிஸேபிள் கேஷ்" டிக் பண்ணிக்கோ, ஆனா டெவ்டூல்ஸ் தொறந்து இருக்கிற வரைக்கும்தான் அது வேலை செய்யும். இது தெரியாம நான் ஒரு நாள் மத்தியானம் பூரா, மூடினா பழசு, தொறந்தா புதுசுன்னு பேய் புடிச்ச மாதிரி உக்காந்திருந்தேன்.

கேள்வி: நான் கேஷ்-கன்ட்ரோல் (எப்படி கேஷ் பண்ணணும்னு சொல்ற ஹெடர்) எதுவுமே அனுப்பலையே, எப்படி கேஷ் ஆச்சு?

பதில்: எல்லாரும் வழுக்கி விழற எடம் இதுதான். நீ ஒண்ணும் சொல்லலன்னா பிரவுசர் தானா ஒரு கணக்கு போட்டுக்கும், லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடர் இருந்தா அதுலேருந்து இப்போ வரைக்கும் எவ்வளவு நேரமோ அதுல 10 சதவீதம்ங்கறது வழக்கமான கணக்கு. 10 நாளைக்கு முன்னாடி மாறின ஃபைல்னா ஒரு நாள் பூரா உன்ன கேக்காமலே பழச காட்டலாம். இப்படி பண்ணலாம்னு ஸ்டாண்டர்டுலயே (2022ல வந்த ஆர்எஃப்சி 9111) இருக்கு, பிரவுசர திட்டி பிரயோஜனம் இல்ல. என்ன வேணுமோ அத ஹெடர்ல வெளிப்படையா சொல்லிடு.

கேள்வி: அப்போ நோ-கேஷ் போட்டா கேஷ் ஆகாது, சரியா?

பதில்: ஆகும்! இந்த பேர யார் வச்சாங்களோ. நோ-கேஷ்னா வச்சுக்கோ, ஆனா ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட கேட்டுட்டு குடுன்னு அர்த்தம். வைக்கவே கூடாதுன்னா நோ-ஸ்டோர். இன்னொண்ணு, நேத்து மேக்ஸ்-ஏஜ் 86400 (செகண்ட் கணக்கு, ஒரு நாள் வச்சுக்கோன்னு அர்த்தம்) குடுத்துட்டு இன்னிக்கு நோ-ஸ்டோர்னு மாத்தினா, நேத்து வாங்கி வச்ச பிரவுசருக்கு அந்த சேதியே போய் சேராது, ஒரு நாள் முடியற வரைக்கும் அது உன்கிட்ட வரப்போறதே இல்லையே. கேஷ கிளியர் பண்ணணும், இல்ல யூஆர்எல்ல மாத்தணும்.

கேள்வி: நெட்வொர்க் டேப்ல 304, என் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட்ல ரிக்வெஸ்ட் அனுப்பற வழி) கோடுல ஸ்டேட்டஸ் 200. இது பக்-ஆ?

பதில்: பக் இல்ல. ஈடேக் (பதிலோட அடையாளக் குறி) ஒத்துப்போனா சர்வர் வெறும் 304 (மாறலன்னு அர்த்தம்) அனுப்பும், பிரவுசர் தன்கிட்ட இருக்கிற பாடிய எடுத்து 200னு உன் கையில குடுக்கும். எக்ஸ்பிரஸ்ல (நோட் சர்வர் ஃப்ரேம்வொர்க்) ஈடேக் தானாவே வரும், நீ போட்ட ஞாபகம் இல்லையேன்னு தேடாத.

கேள்வி: அக்ஸியோஸ்ல (ரிக்வெஸ்ட் அனுப்பற லைப்ரரி) ரிக்வெஸ்ட்டுக்கு கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் சேர்த்தேன், இப்போ கார்ஸ் (வேற டொமைனுக்கு போறதுக்கான பிரவுசர் கட்டுப்பாடு) எரர் வருது ப்ரோ.

பதில்: வேற டொமைனுக்கு போற ரிக்வெஸ்ட்ல அந்த ஹெடர நீயே கையால சேர்த்தா ப்ரீஃப்ளைட் (அனுப்பலாமான்னு பிரவுசர் முன்னாடியே கேக்கற ரிக்வெஸ்ட்) கெளம்பிடும், சர்வர் அத அனுமதிக்கலன்னா அங்கயே நின்னுடும். ஃபெட்ச்ல கேஷ்ங்கற ஆப்ஷனுக்கு நோ-ஸ்டோர்னு குடு, பிரவுசரே பாத்துக்கும், அதுக்காக ப்ரீஃப்ளைட்டும் வராது. அப்புறம் ப்ரீஃப்ளைட் பதிலும் தனியா கேஷ் ஆகும், அதுக்கான அக்ஸஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் எவ்வளவு பெருசா குடுத்தாலும் க்ரோம் அதிகபட்சம் 2 மணி நேரம், ஃபயர்ஃபாக்ஸ் 24 மணி நேரம்தான் வச்சிருக்கும், கார்ஸ் செட்டிங் மாத்தி டெஸ்ட் பண்றப்போ இத மறந்துடாத.

கேள்வி: கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அடிச்சும் லிஸ்ட் பழசாவே இருக்கு.

பதில்: அது பேஜ் லோடு ஆகறப்போ வர்றதுக்கு மட்டும். லோடு முடிஞ்சு நீ பட்டன் அழுத்தினப்போ போற ரிக்வெஸ்ட் கேஷ்லேருந்தே வரலாம்.

கேள்வி: யூஆர்எல் கடைசில டைம்ஸ்டாம்ப் ஒட்டிட்டா முடிஞ்சுதே?

பதில்: அவசரத்துக்கு ஓகே. ப்ரொடக்‌ஷனுக்கு போக விட்டுடாதீங்க, ஒவ்வொரு தடவையும் புது யூஆர்எல்னு ஆயிடறதால சிடிஎன் (நடுவுல பதில கேஷ் பண்ணி குடுக்கற சர்வர்கள்) இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேள்வி: டிஸேபிள் கேஷ் டிக் இருக்கு, இருந்தும் பழசு!

பதில்: அப்போ பிரவுசர் கேஷ விட்டுட்டு வெளிய தேடணும். சர்வீஸ் வொர்க்கர் (ரிக்வெஸ்ட்ட நடுவுல புடிச்சு தானே பதில் குடுக்கக்கூடிய பின்னணி ஸ்கிரிப்ட்) இருக்கான்னு அப்ளிகேஷன் டேப்ல பாருங்க, "பைபாஸ் ஃபார் நெட்வொர்க்" டிக் பண்ணுங்க. அப்பவும் பழசுன்னா கர்ல்ல (கமாண்ட் லைன்ல ரிக்வெஸ்ட் அனுப்பற டூல்) அடிச்சு ஏஜ் (எவ்வளவு நேரமா கேஷ்ல இருக்குன்னு சொல்ற) ஹெடர் வருதான்னு பாருங்க, வந்தா நடுவுல சிடிஎன்னோ ப்ராக்ஸியோ வச்சிருக்கு. அதுவும் இல்லன்னா உங்க சர்வர் பக்க கேஷான ரெடிஸ்தான், நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ் அங்கதான் முடியும்.

கேள்வி: லாக்அவுட் பண்ணி வேற யூசர்ல உள்ள வந்தா மொதல் யூசரோட ப்ரொஃபைல் ஒரு செகண்ட் வந்து போகுது, டெஸ்ட்ல இது வரவே இல்ல.

பதில்: டிஸேபிள் கேஷ் போட்டே டெஸ்ட் பண்ணிருப்பீங்க, அதான் மறைஞ்சிருச்சு. ரெண்டு யூசருக்கும் ஒரே யூஆர்எல், பிரவுசர் ஆள பாக்கல, யூஆர்எல்ல பாத்துச்சு. சொந்த டேட்டா தர்ற ரூட்டுக்கு நோ-ஸ்டோர் போடுங்க, பப்ளிக்னு (நடுவுல யார் வேணா கேஷ் பண்ணலாம்னு அர்த்தம்) ஒருக்காலும் போடாதீங்க. அந்த டிக்க எடுத்துட்டு ரெண்டு யூசர்லயும் மாத்தி மாத்தி உள்ள போய் பாருங்க, ரீலோடு அடிக்காம மெனுவ க்ளிக் பண்ணி.