ஸ்காபரோவை விட்டு வெளிக்கிடுங்கோ, தம்பி

தம்பி கேட்டிருக்கிறது இதுதான். வவுனியாவில் நீர்வழங்கல் சபையில் எஞ்சினியராக இருந்தவர், குடும்பத்தோடு ஸ்காபரோவுக்கு வந்து கொஞ்ச மாதம். அதே துறையில் வேலை எடுக்க முதலில் பி.எங். எண்டுற எஞ்சினியர் லைசன்சுக்கு விண்ணப்பிக்கிறதா, திரும்பப் படிக்கப் போறதா? பேஸ்மென்ற் வாடகை இவ்வளவு நியாயமா? சின்ன ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால், எங்கட ஆக்கள் இல்லாத இடத்தில் இருக்க ஏலுமா?

வாடகையைப் பற்றிச் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கினம், நான் தேவையில்லை. கடைசிக் கேள்விக்கு வாறன்.

இருக்க ஏலும். போங்கோ. எங்கட சனத்துக்கு மார்க்கம் ரோட்டைத் தாண்டினால் காடு. ஊரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் இங்கே இருபது வருசம் ரக்சி ஓடுவார், ஆனால் ஒரு சின்ன ஊரில் ஸ்பானர் பிடித்து வேலை செய்யக் கௌரவம் விடாது. சனி ஞாயிறு கோயில் நிர்வாகக் கூட்டத்தில் மட்டும் எஞ்சினியர். நானும் வந்த புதிதில் கோப்பை கழுவினவன்தான். ஆனால் அதிலேயே கிடக்கவில்லை.

பி.எங்.குக்கு விண்ணப்பியுங்கோ, அது ஒரு பக்கம் ஓடட்டும். 2023 மே மாதத்திலிருந்து ஒன்ராறியோவில் அதற்குக் கனடிய அனுபவம் கேட்கிறதில்லை. எங்கட காலத்தில் அதைச் சொல்லியே எங்களைச் சாகடிச்சவை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதேங்கோ. குடிநீர் நிலையத்தை இயக்குகிறவருக்கு இங்கே தனிச் சேர்ட்டிபிக்கேற் வேணும். முதல் படி பயிற்சி இயக்குநர்: பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பும் ஒரு பரீட்சையும். பிறகு ஒரு வருச வேலை, ஒரு அறிமுகப் பாடநெறி, இன்னொரு பரீட்சை, முதலாம் தரம். உங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு. "வேலை நிச்சயம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் காசு கேட்கிற ஏஜென்சிக்காரர் உங்களையும் தேடி வருவினம். தமிழிலேயே இனிக்க இனிக்கக் கதைப்பினம். ஒரு சதம் குடுக்காதேங்கோ.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று வோக்கர்ட்டனை அறிந்தால் விளங்கும். ஒன்ராறியோவில் ஐயாயிரம் பேர் அளவில் இருக்கிற ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே குழாய்த் தண்ணி குடித்து 7 பேர் செத்தவை, 2300 பேருக்கு மேல் நோயில் விழுந்தவை. பெருமழை, பக்கத்துப் பண்ணையில் போட்ட மாட்டெரு, ஆழமில்லாத ஐந்தாம் நம்பர் கிணறு. எருப் போட்ட விவசாயி முறைப்படிதான் போட்டிருந்தார், அவரில் பிழையில்லை என்று விசாரித்த நீதிபதி ஓ'கொன்னர் எழுதினவர். நாறினது பதிவுப் புத்தகம். நீர் இயக்குநர்கள் குளோரினை அளக்காமலே 0.5, 0.75 என்று நாளாந்தம் எழுதி வைத்திருந்தவை. அதற்குப் பிறகுதான் 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. 2004இல் அந்த ஊரிலேயே சுத்த நீர் நிலையம் என்று ஒன்றைத் துவங்கி, இயக்குநர்களுக்குப் பயிற்சி குடுக்கினம், சின்னக் குடிநீர் அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப உதவியும் செய்யினம்.

அந்தக் கிணறு இருந்தது வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லில். யாழ்ப்பாணம் தெரிந்த ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட வளவுகளில் மலகூடக் குழி ஒரு மூலை, கிணறு மற்ற மூலை, நடுவில் அதே கல். மழைத்தண்ணி வடிகட்டுப்படாமலே நேராகக் கீழே இறங்கும். நேர்முகத்தில் இதைச் சொல்லுங்கோ, ஊர் அனுபவம் என்று ஒளிக்காதேங்கோ.

நான் சொல்ல வந்த எச்சரிக்கை வேறு. சின்னக் குடிநீர் அமைப்பு என்றால் சொந்தக் கிணறு வைத்திருக்கிற தேவாலயம், மோட்டல், கூடார முகாம், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடை. 2008 டிசம்பரிலிருந்து இதெல்லாம் பொதுச் சுகாதாரப் பிரிவின் கையில். பரிசோதகர் ஒவ்வொரு இடமாய்ப் போய்ப் பார்த்து, அந்த இடத்துக்கு என்ன செய்ய வேணுமெண்டு எழுதிக் குடுப்பார். ஆனால் செய்கிறது ஆர்? ஓய்வெடுத்த ஒரு கமக்காரர், தேவாலயத்துத் திறப்பு வைத்திருக்கிற ஒரு அம்மா. சம்பளமும் இல்லை. நீங்கள் போய் எஞ்சினியர் குரலில் பாடம் எடுத்தால் தலையாட்டி அனுப்பிவிட்டு, பழையபடிதான் செய்வினம்.

நான் போன ஒரு மண்டபத்தில் குளோரின் போட்டும் கிருமி இருக்குதெண்டு முடிவு வந்துகொண்டே இருந்தது. ஒரு ஆலோசனைக் கம்பனி புதிசாய் யூவி கருவி (ஒளியால் கிருமி கொல்லுறது) மாட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தது, விலை பெரிய விலை. பரிசோதனைக்குத் தண்ணி மாதிரி எடுக்கிற அம்மாவிடம், எப்படி எடுக்கிறவ எண்டு செய்து காட்டச் சொன்னேன். போத்தலுக்குள் குளோரினை முறிக்கிறதுக்குக் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும், அவ அதை ஊத்தை என்று நினைத்து ஒவ்வொருமுறையும் கழுவி ஊத்தினவ. தூள் போனால் குளோரின் போத்தலுக்குள்ளேயே நின்று கிருமியைக் கொல்லும், அதால் முடிவு நல்லாய்த்தான் வந்திருக்கும். ஆக, கெட்ட முடிவுக்குக் காரணம் வேறு. பிறகு பார்த்தால் மாதிரி எடுக்கிற குழாயின் வாயில் பழைய ரப்பர் வளையம், உள்ளுக்குள் வழுவழுவென்று சளி. வளையத்தைக் கழற்றி எறிந்து, குழாயைச் சுத்தப்படுத்தி, தண்ணியை நல்லாய் ஓடவிட்டு எடுத்தோம். அதோட சரி. தூளைக் கழுவக்கூடாது என்பதையும் அவவே ஒரு மட்டையில் எழுதி ஒட்டினவ.

இன்னொன்று. குளோரின் பார்க்கிற டி.பி.டி. தூளைப் போட்டால் தண்ணி இளஞ்சிவப்பாய் மாறும். குளோரின் மிதமிஞ்சிப் போனாலும் நிறம் வெளுத்து, இல்லாத மாதிரிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஊத்துகிறவை இருக்கினம். ஐமிச்சம் வந்தால் மாதிரியைக் குளோரின் இல்லாத தண்ணி விட்டு ஐதாக்கி ஒருக்கால் பாருங்கோ. வெயில் காலத்தில் கொட்டிலுக்குள் வைத்த ஹைப்போ, அதுதான் குளோரின் கரைசல், பலம் இழக்கும், பம்பு காற்றுப் பிடித்து நிற்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கு, ஆனால் கொட்டிலுக்குள் குந்தி இருந்தால்தான் கைக்கு வரும்.

நான் ஹியூரன் ஏரிப் பக்கம் போனபோது ஊரில் ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை. மிளகாய்த்தூளுக்கு ரொறன்ரோ ஓடவேணும். முதல் மாரியில் பம்புக் கொட்டிலில் உறைந்த குழாயை முடி உலர்த்துகிற மெசினால் இளக்கிக் கொண்டிருந்தேன், பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து ஒன்றும் கேளாமல் தன்ரை ஹீற்றரை வைத்துவிட்டுப் போனார். பிறகு அவற்றை வீட்டில்தான் நத்தார் சாப்பாடு. ஸ்காபரோவில் மூன்று வருசம் ஒரே மாடியில் இருந்தும் பக்கத்து வீட்டுத் தமிழர் முகம் பார்த்துக் கதைத்ததில்லை.

சரி, அலட்டிப் போட்டன். சேர்ட்டிபிக்கேற்றுக்கு விண்ணப்பிக்க உங்கட படிப்பை இங்கே மதிப்பிட்ட கடிதம் தேவைப்படும், அதை இப்பவே எடுத்து வையுங்கோ. மனுசியையும் கார் ஓடப் பழகச் சொல்லுங்கோ, அங்கே பஸ் வராது.