ரஷ்ய எழுத்தாளர் புல்காகவின் நாவல் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்': கேள்வி பதில்

கேள்வி: நூறு பக்கம் தாண்டிவிட்டேன். மாஸ்டர் எப்போதுதான் வருவார்?

13ஆம் அத்தியாயத்தில். அவருடைய காதலி மார்கரீட்டா நேரில் வர 19 ஆகிவிடும். அதுவரை கதையை நடத்துவது வோலாண்ட் என்ற பெயரில் மாஸ்கோவுக்கு வரும் சாத்தானும், பேசும் பூனை உள்ளிட்ட அவனுடைய கூட்டமும்தான். பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: பிலாத்து வரும் அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா? எனக்குப் பூனை வரும் பகுதிதான் பிடித்திருக்கிறது.

தயவுசெய்து வேண்டாம், நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாஸ்டர் எழுதிய நாவலும் இதே கதைதான். ரோமானிய ஆளுநர் பிலாத்துக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. எதிரே கைதியாக நிற்கும் யேசுவா (நாவலில் இயேசுவின் பெயர்), யாரும் சொல்லாமலே அதைக் கண்டுகொள்கிறார். தன் நாய் பக்கத்தில் வராதா என்று பிலாத்து ஏங்குவதுகூட அவருக்குத் தெரிகிறது. பிலாத்துக்கு அவரைப் பிடித்துப்போய், மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற நினைக்கிறார். அந்த நேரம் பார்த்து செயலாளர் இன்னொரு தோல்சுருளை நீட்டுகிறார்: பேரரசரின் அதிகாரத்துக்கு எதிராகப் பேசினார் என்ற குற்றச்சாட்டு. அவ்வளவுதான், பிலாத்து பயந்துவிடுகிறார். குற்றமில்லாதவர் என்று தெரிந்தே சாகவிடுகிறார். ஸ்டாலின் கால மாஸ்கோவில் இதை எழுதிய புல்காகவ், அந்தப் பயத்தைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

கேள்வி: அப்படியென்றால் மாஸ்கோ பகுதி வெறும் வேடிக்கையா?

இல்லை, அங்கேயும் அதே பயம்தான். பத்திரிகை ஆசிரியர் பெர்லியோஸ் குடியிருந்த 50ஆம் எண் வீட்டைக் கவனித்துப் படியுங்கள். வோலாண்ட் அங்கே குடியேறுவதற்கு முன்பே ஆட்கள் காணாமல் போகிறார்கள். ஒரு நாள் போலீஸ்காரர் வந்து, கையெழுத்துப் போட ஒரு நிமிடம் வாருங்கள் என்று ஒருவரைக் கூப்பிடுகிறார். போனவர் போனவர்தான், அறைக்கு அரக்கு முத்திரை விழுகிறது. வேலைக்காரி அதை மாந்திரீகம் என்கிறாள். கைது என்ற சொல்லை வாயில் எடுக்க முடியாத காலம் அது.

அப்புறம், வீட்டுப் பஞ்சம். பெர்லியோஸ் டிராமில் அடிபட்டுச் செத்த சேதி தந்தியில் கிடைத்ததும் கீவிலிருந்து உறவினர் ஒருவர் ரயிலேறி ஓடி வருகிறார். வந்தது துக்கத்துக்கு இல்லை, மாஸ்கோவில் காலியான இடத்துக்கு. அந்த அத்தியாயத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை.

கேள்வி: மாஸ்டரைப் போலவே புல்காகவும் கையெழுத்துப் பிரதியை எரித்தாரா?

ஆமாம், 1930இல். 1928இல் தொடங்கிய நாவல். நாடகங்களும் தடைபட்டுப் போன நிலையில், வெளிநாடு போக விடுங்கள், இல்லையென்றால் வேலை கொடுங்கள் என்று அரசுக்குக் கடிதம் எழுதினார். ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்துப் பேசினார். மாஸ்கோ கலை நாடக அரங்கில் வேலை கிடைத்தது, நாட்டைவிட்டுப் போக அனுமதி கிடைக்கவில்லை. எரித்ததைத் திரும்ப எழுதினார். நோய் முற்றிப் பார்வை மங்கிய பிறகும் மனைவி யெலேனாவிடம் திருத்தங்களைச் சொல்லி எழுதவைத்தார். 1940 மார்ச்சில் இறந்தபோது வயது 48. நாவல் 1966-67இல்தான் 'மஸ்க்வா' இதழில் வந்தது, அதுவும் பல இடங்களில் வெட்டப்பட்டு.

கேள்வி: சாத்தானுடன் ஒப்பந்தம் போடும் அறிஞனின் கதையான கதேயின் 'ஃபாஸ்ட்' படித்திருக்க வேண்டுமா?

தேவையில்லை.

கேள்வி: சூனியக்காரியாக மாறி, விமர்சகரின் வீட்டை அடித்து நொறுக்கும் மார்கரீட்டாவை எப்படி நல்லவள் என்று ஏற்பது?

சாத்தானின் விருந்துக்குப் பிறகு என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். விருந்தில் அவள் ஃப்ரீடாவைச் சந்திக்கிறாள். பெற்ற குழந்தையைக் கைக்குட்டையால் மூச்சடைக்கவைத்துக் கொன்றவள் ஃப்ரீடா, அதே கைக்குட்டை தினமும் அவள் கண்முன் வைக்கப்படுகிறது. மார்கரீட்டா இத்தனையும் பட்டது மாஸ்டரை மீட்கத்தான். ஆனால், வேண்டியதைக் கேள் என்று வோலாண்ட் சொன்னதும், ஃப்ரீடாவுக்கு இனி அந்தக் கைக்குட்டையைக் கொடுக்கக் கூடாது என்று கேட்கிறாள்.