பெருமை பேசும் இடமல்ல விண்ணப்பம்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். பராமரிப்புக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். கூடுதல் பராமரிப்பு தேவை என்பதற்கு ஆதாரம் போதாது என்று நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றால், “நம்ம பிள்ளையை நாமே பார்த்துக்குவோம், கையேந்த வேண்டாம்” என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: மேல்முறையீடு செய்யுங்கள், சகோதரி. முதல் வேலையாக, நிராகரிப்புக் கடிதத்தில் கெடு தேதி எது என்று பாருங்கள். அது தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தும் கஷ்டம்தான்.

நீங்கள் அனுப்பிய விண்ணப்ப நகலைப் படித்தேன். “தானே சாப்பிடுவான்” என்று ஒரே வரி. ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் உணவை மசிப்பது, தட்டைப் பிடித்துக்கொள்வது, புரையேறுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் வருகிறது! பிள்ளையால் முடிந்ததைச் சொல்லத்தான் பெற்ற மனம் முந்தும். அதிகாரி பார்ப்பது வேறு. பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான உதவித்தொகை விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அதே வயதுப் பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு அதிகக் கவனிப்பு தேவை? நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

ஆகவே ஒரு வாரம் குறித்துவையுங்கள். இரவில் எப்போது எழுந்தீர்கள், எதற்கு, எவ்வளவு நேரம் என்று. மோசமான நாளை மறைக்கவும் வேண்டாம், மிகைப்படுத்தவும் வேண்டாம். பள்ளியிலும் இயன்முறை மருத்துவரிடமும் கடிதம் கேட்டால் “நன்றாக ஒத்துழைக்கிறான், நல்ல முன்னேற்றம்” என்று எழுதித் தருவார்கள். படிக்க இனிக்கும், மனுவுக்கு உதவாது. எந்தெந்த வேலைக்கு ஆள் துணை வேண்டும், எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

கணவர் விஷயம். 1981இல் அமெரிக்காவில் கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுச் சிறுமி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தும் மருத்துவமனையிலேயே கிடந்தாள். அங்கே இருந்தால்தான் மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் செலவை ஏற்கும். வீட்டில் செலவு குறைவு, ஆனாலும் விதி இடம் தரவில்லை. விவகாரம் அதிபர் ரீகன் வரை போனது. 1982இல் சட்டமே மாறியது. பிள்ளையை நாமே பார்த்துக்கொள்வோம் என்பதற்காகத்தான் அந்தப் பெற்றோர் அரசிடம் போனார்கள். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. சில இடங்களில் பணத்தோடு, பராமரிப்பவர் ஓய்வெடுக்கச் சில மணி நேரம் மாற்று ஆளும் தருவார்கள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவிலேயே, வறுமையில் உள்ள குடும்பங்களுக்கு அரசு தர வேண்டிய உதவிகளில் அதுவும் வருகிறது. உங்கள் தூக்கக் கணக்கைப் பார்த்தால் அதுதான் அவசரம். அப்படி ஒரு வசதி உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அதற்கும் சேர்த்தே மனுக் கொடுங்கள்.