இரவு இரண்டு மணிக்கு யார் தூக்குவார்கள்?

(தீ, மின்சாரம், எரிவாயு தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். அந்தத் தளத்தில் அவரைப் போலவே 11 பேர். இரவில் இரண்டு ஆயாக்கள். தீ விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புத் துறைச் சான்றிதழைக் காட்டுகிறார் மேலாளர். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணனோ, ‘இங்கே படுக்கையில் இருப்பவரைச் சேர்த்தால் தீயணைப்புத் துறைக்கே தகவல் சொல்ல வேண்டும்’ என்கிறார். சான்றிதழ் போதாதா?
– வாசகி, திருச்சி

பதில்: போதாது, அம்மா. அந்தச் சான்றிதழ் கட்டடத்துக்குக் கொடுத்தது. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, தீயணைப்பான் எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். எழுந்திருக்க முடியாத 11 பேர் இரண்டாவது மாடியில் படுத்திருப்பார்கள் என்பது அன்று அங்கே நின்ற அலுவலருக்குத் தெரிந்திருந்ததா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. அது எந்தத் தேதிவரை செல்லும், எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது என்று மட்டும் படித்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, முதியோர் இல்லத்தை மருத்துவமனை இருக்கும் அதே பிரிவில்தான் வைத்திருக்கிறது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டில் பலகையை மட்டும் மாற்றி மாட்டியிருந்தால் அது வேறு கதை.

உங்கள் அண்ணன் சொல்வது சரி. கலிபோர்னியாவின் சட்டம், படுக்கையில் புரள உதவி தேவைப்படுபவரையும், தானாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாதவரையும் தனி வகையாகவே பார்க்கிறது. அப்படி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதித் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு காலம் அவர் அந்த நிலையில் இருப்பார் என்பதையும் உத்தேசமாகச் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறும்போதே எத்தனை பேரைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருப்பது எங்கள் வேலையில் பாதி. இங்கேயும் இல்லத்தின் முகவரி, தளம், படுக்கையில் இருப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி உங்கள் பகுதி நிலையத்தில் கொடுக்கலாம். வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவரை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். இறக்க மூன்று நிமிடம், திரும்பி ஏற இரண்டு நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 11 பேரையும் இறக்கி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆயாக்கள் களைக்கவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் கணக்கு. ஃபோம் மெத்தை ஒன்று எரிந்தால் நடைபாதை முழுக்கப் புகை நிறைவதற்குச் சில நிமிடங்கள் போதும். 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது கீழ்த்தளத்தில். மேலே வார்டுகளில் படுத்திருந்தவர்கள் சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உடலில் தீக்காயமே இல்லை, புகைதான் கொன்றது.

ஓய்வு பெற்ற பிறகு, நண்பர் ஒருவரின் தகப்பனாருக்காக ஓர் இல்லத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வரவேற்பறையில் மீன் தொட்டி, புதிய சிவப்புத் தீயணைப்பான்கள், அழுத்தம் காட்டும் முள் பச்சையில். மேலாளரிடம், “நான் இந்தக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன், என்னை வெளியே கொண்டுபோங்கள்” என்றேன். சிரித்தார்கள். சட்டையோடு ஏறிப் படுத்துவிட்டேன். இரண்டு பையன்கள் வந்து சக்கரத்தின் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினார்கள். கதவருகே கட்டில் டங்கென்று முட்டி நின்றது. பக்கக் கம்பிகளோடு கட்டில் மூன்றேகால் அடி. கதவு, நிலைக்கு உள்ளே இரண்டே முக்கால் அடி. வீட்டின் படுக்கையறைக் கதவுதானே! ஆஸ்பத்திரிக் கட்டிலை உதிரியாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே பூட்டியிருக்கிறார்கள். மறுபடி கழற்றாமல் அது வெளியே வராது. அடுத்த முறை போகும்போது கைப்பையில் ஓர் அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். மறதி நோய் உள்ளவர்கள் வெளியே போய்விடக் கூடாது என்று கிரில் கேட்டைப் பூட்டுவார்கள். பூட்டுவது தவறில்லை, சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் வெந்து இறந்தது சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால். வீட்டுக்குப் போய்விட்ட மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் சாவி இருந்தால் அந்தக் கேட்டும் ஒரு சங்கிலிதான்.

இடம் கிடைத்தால் தாயாரைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நடக்கக்கூடியவர்களுக்குக் கீழ் அறைகளையும், படுக்கையில் இருப்பவர்களுக்கு ‘தொந்தரவில்லாத’ மாடியையும் கொடுக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. மாற்ற முடியாது என்றால், நடைபாதையின் நடுவே புகை புகாத தடுப்புக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாரையும் மாடியிறக்க வேண்டியதில்லை. தீ இருக்கும் பக்கத்திலிருந்து கதவுக்கு அந்தப்புறம் இழுத்துவிட்டுச் சாத்தினால் நாங்கள் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். மருத்துவமனைகளில் முதலில் செய்வதும் இதுதான்.

கேள்வி: மாமனாருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. அதே அறையில்தான் பூஜை அலமாரி. விளக்கேற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கூடாது. ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள், எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் போர்வை, தலையணை, தாடி என எல்லாவற்றிலும் தங்கி, சின்னப் பொறியையும் கொழுந்துவிட வைக்கும். இயந்திரத்தை நிறுத்திய உடனேயும் ஏற்றாதீர்கள். சாமியை அடுத்த அறைக்கு மாற்றுங்கள், கோபித்துக்கொள்ளாது. இயந்திரத்தையும் ஏர் பெட் மோட்டாரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தால் அதையும் இன்றே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் ஒருவரை நான் ஒருத்தியே வெளியே கொண்டுவர முடியுமா? என் எடை 50 கிலோ, கணவரின் எடை 70 கிலோ.
– வாசகி, ஈரோடு

பதில்: தூக்க முடியாது, இழுக்க முடியும். கட்டிலை முடிந்தவரை தாழ்த்துங்கள். கெட்டியான போர்வையைத் தரையில் விரியுங்கள். முதலில் கால்களை இறக்கி, பிறகு அக்குளுக்குள் கைகொடுத்து, உங்கள் முழங்காலில் அவர் முதுகு சறுக்கும்படி மெதுவாக உட்காரவைத்துப் படுக்க வையுங்கள். தலைப்பக்கத்துப் போர்வை முனைகளை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து, தலை சற்றே உயர்ந்திருக்கும்படி, நீங்கள் பின்னோக்கி நடந்து இழுங்கள். மொசைக் தரையில் எளிதாக வரும். புகை மேலேதான் நிற்கும். நீங்களும் குனிந்தே இருங்கள். அறையைத் தாண்டியதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு 101 அல்லது 112க்குப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு யாரையாவது படுக்கவைத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எந்த வாசற்படியில் போர்வை சிக்குகிறது என்று தெரிந்துவிடும்.