புறாத்தீவுக்குப் படகு விடுபவர் டிஸ்னிலாண்டிடம் என்ன கற்கலாம்?

இலங்கையில் திருகோணமலை அருகே நிலாவெளியிலிருந்து, தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குப் படகு விடும் ஒரு குடும்பத் தொழில், அமெரிக்காவின் டிஸ்னிலாண்ட் போன்ற பொழுதுபோக்குப் பூங்காவிடம் வாடிக்கையாளர் சேவையில் கற்க ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, பெரிய முதலீடும் தேவையில்லை. அவர்களே 1955 ஜூலை 17 அன்று, போலி டிக்கெட்டுக் கூட்டத்தோடும் தண்ணீர் வராத குழாய்களோடும்தான் தொடங்கினார்கள்.

நான் முதன்மையாகக் கருதுவது, எது முதலில், எது பின்னர் என்ற அவர்களின் முன்னுரிமை வரிசையை. ஊழியர்களுக்கு நெடுங்காலம் கற்பித்த அளவுகோல்கள் நான்கு: பாதுகாப்பு, பண்பு, காட்சி (வருவோர் கண்முன் எல்லாம் நன்றாகத் தோன்றுவது), வேகத்திறன். இரண்டு மோதினால் முன்னதே வெல்லும். கடல் கொந்தளித்தால் பயணத்தை நிறுத்துவதா என்று கரையில் நின்று வாதாட வேண்டியதில்லை. விடை முன்பே முடிவானது. உயிர்காப்பு அங்கி அணிய மறுப்பவரை ஏற்றாத இளம் படகோட்டிக்கும், முதலாளி தன் பக்கம் நிற்பார் என்பது தெரியும்.

"மூன்று மணி அணிவகுப்பு எத்தனை மணிக்கு?" என்று அங்கே வருவோர் கேட்பதுண்டு. சிரிக்கக் கூடாது. தான் நிற்கும் இடத்துக்கு அது எப்போது வந்து சேரும் என்பதே அவர் கேட்பது. அதுபோல, "தீவில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தாயிடம் பவளப்பாறைகளைப் பற்றி விரிவுரை வேண்டாம், நீந்தத் தெரியாத பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்பதைச் சொல்லுங்கள்.

காத்திருப்பு நேரத்தை அங்கே பலகையில் காட்டுகிறார்கள். நீங்களும் எழுதி வையுங்கள்: படகுக் கட்டணம் இவ்வளவு, தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனி.