பிடுங்க அவசரம் வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் 33 தடவை கதிர்வீச்சு கொடுத்து 8 மாதம் ஆகிறது. இப்போது கீழ்க் கடவாய்ப்பல் வலி. இங்கே ஒரு பல் டாக்டர், "நாளைக்கே பிடுங்கிரலாம்" என்கிறார். செய்யலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: நாளைக்கு வேண்டாம். கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், கீழ்த்தாடையில் இன்னும் மோசம். பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே அழுகிப் போகலாம். வருடங்கள் கழிந்தாலும் இந்த ஆபத்து போகாது.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாகர்கோவிலில் கிளினிக் போட்ட புதிதில் எனக்கும் இது பரீட்சைக்குப் படித்த விஷயம்தான். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சு தொடங்க இரண்டு, மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். சரி, அது போகட்டும்.

தாடைக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள் என்று சிகிச்சைச் சீட்டில் பாருங்கள். 60க்கு மேல் என்றால் மிகுந்த கவனம் தேவை. முடிந்தவரை வேர் சிகிச்சை செய்து பல்லை அப்படியே விட்டுவைக்கலாம். பிடுங்கியே தீர வேண்டுமென்றால், புற்றுநோய் டாக்டரிடம் பேசிய பிறகு, வாய்-தாடை அறுவை நிபுணரிடம்.

அப்புறம், வாய் வறட்சிக்குக் கருப்பட்டி மிட்டாயைச் சப்புகிறாரா? நம் ஊரில் பலர் செய்வது. எச்சில் ஊறாத வாயில் அது பல்லைத் தின்றுவிடும். பதிலுக்கு அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் கலந்து, சாப்பிட்டதும் கொப்பளிக்கட்டும். பல்லில் தினமும் போட ஃபுளூரைடு ஜெல்லும் டாக்டரிடம் எழுதித் தரக் கேளுங்கள்.