சென்னையில் யாருமே மனம்விட்டுப் பேசுவதில்லையா?

‘இந்தக் காலத்து மனிதர்கள் ஏன் இப்படி மேலோட்டமாக இருக்கிறார்கள்?’ என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து மூன்று வருடம் ஆகிறது. அலுவலகம் சோழிங்கநல்லூரில். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் ‘வீக்கெண்ட் என்ன பிளான்?’, ‘அந்தப் படம் பார்த்தாச்சா?’ என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதே இல்லை. நகரத்து மனிதர்களுக்கு உள்ளே ஒன்றுமே இல்லையா?
— வாசகர், மேடவாக்கம்

பதில்: நிறையவே இருக்கிறது. உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கு அப்பாவின் டயாலிசிஸ் கவலை இருக்கலாம், கட்ட முடியாத வீட்டுக் கடன் இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். உங்களைப் பற்றி அவரும் இதே கேள்வியை எழுதியிருக்கக்கூடும்.

ஒருவர் ஒட்டாமல் பழகினால் ‘ஆளே அப்படித்தான்’ என்று குணத்தின் மேல் பழி போடுகிறோம். அவர் நிற்கும் சூழ்நிலையைப் பார்ப்பதில்லை. இந்தத் தவறைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் விரிவாக எழுதினார். நகரத்தைப் பற்றி அதற்கு வெகுகாலம் முன்பே, 1903-ல், பெர்லினில் வாழ்ந்த சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் ஒன்று சொல்லியிருக்கிறார்: பெருநகரத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மனம் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தால் தாங்காது, ஆகவே அது தானாகவே கொஞ்சம் விலகி நிற்கப் பழகிவிடும். காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறுகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அதைவிடப் பெரிய காரணம் நேரம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றது அது. சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அதிகம் உதவவில்லை. சும்மா சேர்ந்திருந்த நேரம்தான் உதவியது. அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆனால் எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும். மதியச் சாப்பாட்டில் ஒருவருடன் 20 நிமிடம் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் ஏழு மணி நேரம் சொச்சம். 200 மணி நேரம் சேர இரண்டேகால் வருடம் ஆகும். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் நாலரை வருடம். அதற்குள் புராஜெக்ட் மாறிவிடும், ஆளும் கம்பெனி மாறிவிடுவார். ஊரில் பள்ளிக்கூடம், குளத்தங்கரை, திருவிழா என்று இந்த மணி நேரங்கள் யாரும் எண்ணாமலே சேர்ந்துவிட்டன. இங்கே நாமாகச் சேர்த்தால்தான் உண்டு.

ஆகவே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு நடை, முடித்துவிட்டு டிபன் என்பது போல. வருடத்தில் நூறு மணி நேரம் வந்துவிடும். ‘ஒரு நாள் மீட் பண்ணலாம்’ என்று விட்டால் அந்த நாள் வராது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால் சலித்துவிடும். இடம் இருவருக்கும் அரைமணிப் பயணத்துக்குள் இருக்கட்டும். சினிமா வேண்டாம், இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசியிருக்க மாட்டீர்கள். நான்கு பேருக்கு மேலும் வேண்டாம். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாக உடையும், அல்லது ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் கூட்டமாகிவிடும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் குவிகின்றன. லிஃப்டில் பார்த்தால் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். இது என்ன போலித்தனம்?
— வாசகி, பெரும்பாக்கம்

பதில்: போலித்தனம் என்று சொல்லிவிட வேண்டாம். 120 வீட்டுக்காரர்களும் படிக்கும் இடத்தில் யாருக்கும் உறுத்தாததைத்தான் எழுத முடியும்: தண்ணீர் லாரி, ஜெனரேட்டர், மெயின்டனன்ஸ், வாழ்த்து. வீட்டுக் கவலையை அங்கே யார் எழுதுவார்? ஒரு மனிதரால் உயிர்ப்போடு வைத்திருக்க முடிந்த உறவுகள் சுமார் 150, அவற்றில் மிக நெருக்கமானவை ஐந்துதான் என்பது பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பரின் மதிப்பீடு. உங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றே அந்தப் பெரிய எண்ணைத் தாண்டியிருக்கும்.

லிஃப்டில் நடப்பது வேறு. தினமும் ஒரே ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் வருடக்கணக்கில் பேசாமலே இருப்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-களின் தொடக்கத்தில் கவனித்தார். ஒரே ஆளை எத்தனை நாள் பேசாமல் பார்த்தோமோ அந்த அளவுக்குப் பேச்சைத் தொடங்குவது கடினமாகிறது. அதே ஆளை வெளியூரில் பார்த்தால் உடனே பேசிவிடுவோம். சூழ்நிலை மாற வேண்டும் என்பதுதான் விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே சென்னைதான் முகம் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டது. மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த மனிதர்கள் எங்கிருந்தோ வரவில்லை. அன்றைக்கு ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள்.

வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சின்னத் தேவையிலிருந்து தொடங்குங்கள். முதலில் கொடுக்காதீர்கள், கேளுங்கள். உறைக்கு ஒரு கரண்டித் தயிர், ஏணி, ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர். நீங்கள் கேட்டுவிட்டால் அவர்களும் கூச்சமில்லாமல் வந்து கேட்பார்கள். நீங்களாகவே பெரிதாக ஏதாவது செய்தால் எப்படித் திருப்பிச் செய்வது என்று தயங்கி ஒதுங்குவார்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத நம் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அடுத்த பேச்சுக்கு அதுவே காரணமாகும். உங்கள் தளத்தின் ஆறேழு வீடுகளுக்குத் தனிக் குழுவும் வைத்துக்கொள்ளலாம். பணம் கைமாற்று மட்டும் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு தாமதம் வந்தால் லிஃப்டில் முகம் பார்ப்பதும் போய்விடும்.

கேள்வி: பேச்சை ஆழமாக்க நினைத்து ஏதாவது கேட்டால் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எப்படித்தான் ஆரம்பிப்பது?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: என்ன கேட்கிறீர்கள் என்று பாருங்கள். ‘சம்பளம் எவ்வளவு?’, ‘ஊர்ல எந்தத் தெரு?’, ‘கல்யாணம் எப்போ?’, ‘விசேஷம் ஏதும் உண்டா?’ போன்றவை அந்தரங்கமான கேள்விகள்தான், ஆனால் ஆழமான கேள்விகள் இல்லை. பதிலை வைத்துத் தன்னை எடைபோடப் போகிறார்கள் என்று கேட்கப்படுகிறவருக்குத் தெரியும். தெருவைக் கேட்பது எதற்காக என்பதும் தெரியும். வாயை மூடிக்கொள்வது இயல்பே.

அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சொன்னதைத் தொடர்ந்து கேள்வி கேட்டவர்களைத்தான் எதிரில் இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. ‘பையன் ப்ளஸ் டூ’ என்றால் மார்க்கை விசாரிக்காமல் ‘வீட்ல டென்ஷன் எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். ‘புது வேலை’ என்றால் ‘பழைய இடத்துல எதை மிஸ் பண்றீங்க?’ என்று கேளுங்கள். பிறகு உங்களைப் பற்றி ஒரு படி கூடுதலாகச் சொல்லுங்கள். ஒரு படி மட்டும். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் 45 நிமிடத்தில் நெருக்கம் உணர்ந்ததற்கு அதுதான் வழி: 36 கேள்விகள், எளிதிலிருந்து ஆழத்துக்கு, இருவரும் மாறி மாறிப் பதில். ஒரே மூச்சில் எல்லாத் துயரத்தையும் கொட்டினால் எதிராளி பயந்துவிடுவார்.

கெடுப்பவை மூன்று. ‘எனக்கும் இதேதான்’ என்று பேச்சைப் பறிப்பது. கேட்காமலே யோசனை சொல்வது. கேட்டதை இன்னொருவரிடம் சொல்வது. மூன்றாவதற்கு மன்னிப்பே கிடையாது. அவர் நிறுத்தினால் உடனே இட்டு நிரப்பாதீர்கள், மூன்று நான்கு நொடி விடுங்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். எதிரெதிரே உட்காருவதைவிடப் பூங்காவில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது கூச்சமுள்ளவர்களுக்கு எளிது.

கேள்வி: எங்கள் காலத்தில் மனிதர்கள் உண்மையாகப் பழகினார்கள். இப்போது எல்லாம் இன்ஸ்டாகிராம் வேஷம். ஒப்புக்கொள்கிறீர்களா?
— ஓய்வுபெற்ற வாசகர், மயிலாப்பூர்

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனம் இருந்த வீடுகளில் நெருக்கம் தானாக வந்தது உண்மை. அதே வீடுகளில் கணவன் அடிப்பதையும் மனநோயையும் வெளியே சொல்ல முடியாமல் வாழ்ந்த பெண்கள் எத்தனை பேர்! நெருங்கி இருந்தார்கள் என்பதால் மனம்விட்டுப் பேசினார்கள் என்று ஆகிவிடாது. இன்ஸ்டாகிராமில் மேலாளர், அத்தை, பள்ளித் தோழன் மூவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். மூவருக்கும் காட்டக்கூடியதையே போட முடியும். பேரப்பிள்ளைகளை அதை வைத்து அளக்காதீர்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள். குறுஞ்செய்தியைவிடக் குரலில் பேசும்போது நெருக்கம் கூடுகிறது, நாம் பயப்படும் அளவுக்குச் சங்கடமும் இருப்பதில்லை என்று 2021-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது.

கேள்வி: பத்து வருடத் தோழி. சந்தித்தால் புடவை, நகை, பிள்ளைகளின் மார்க். வேறு பேச்சில்லை. முறித்துக்கொள்ளலாமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: முதலில் மூன்று சந்திப்பு பாருங்கள். உங்கள் மனதில் உள்ள ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவராகவே ‘அது என்னாச்சு?’ என்று கேட்டால் அக்கறை இருக்கிறது, பேசத்தான் பழக்கமில்லை. மூன்று முறையும் புடவைக்கே திரும்பினால் இந்த நட்பு இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னது வேறு யார் வாயிலிருந்தாவது திரும்பி வந்தால் மட்டும் அவரிடம் சொந்த விஷயம் பேசுவதை நிறுத்துங்கள்.

முறிக்கத் தேவையில்லை. மேலோட்டமான பழக்கத்துக்கும் பயன் உண்டு: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலம்தான் அதிகம் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். நல்ல டியூஷன் எங்கே, எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார் என்றெல்லாம் இந்தத் தோழியிடம் கேளுங்கள். அம்மாவின் ஆபரேஷன் பயத்தைச் சொல்ல வேறொருவரைத் தேடுங்கள். அந்த வேறொருவருக்கான மணி நேரத்தை இந்த வாரமே ஒதுக்குங்கள்.